கையில் இருக்கும் காசுக்கு டிஎஸ்எல்ஆர்: லென்ஸிலிருந்து ஆரம்பியுங்கள்

தூத்துக்குடியில் சின்ன ஸ்டுடியோ வைத்துக் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எடுப்பவன் நான். காலேஜ் பிள்ளைகள், புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள், பிள்ளை பிறந்த வீட்டுக்காரர்கள் என்று பலரும் கேமரா வாங்கும் முன் வந்து கேட்பார்கள். எல்லோருடைய முதல் கேள்வியும் பாடியைப் பற்றித்தான், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவைப் பற்றித்தான் இருக்கும். கேனனா நிக்கானா? எத்தனை மெகாபிக்சல்? 4கே வருமா? நான் திருப்பிக் கேட்பது வேறு: என்ன எடுக்கப் போகிறீர்கள், எந்த இடத்தில், எந்த வெளிச்சத்தில்? அதைச் சொன்னால் லென்ஸ் முடிவாகிவிடும். லென்ஸ் முடிவானால், அதை மாட்டுகிற பாடியை மிச்சக் காசில் பார்த்துக்கொள்ளலாம். காசு குறைவாக இருக்கிறவர்கள் இந்த வரிசையை மாற்றவே கூடாது என்பது என் கருத்து.

காரணம் இருக்கிறது. பாடி வாங்கிய மறுநாளிலிருந்து விலை இறங்கும். நல்ல லென்ஸ் அந்த அளவுக்கு இறங்காது, பாடி மாறினாலும் கூடவே வரும். அதைவிட முக்கியம், 2014ல் வந்த பாடிக்கும் 2018ல் வந்த பாடிக்கும் படத்தில் தெரியும் வித்தியாசத்தைவிட, பாடியோடு சேர்த்துத் தரும் கிட் லென்ஸுக்கும் ஒரு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸுக்கும் தெரியும் வித்தியாசம் மிகப் பெரியது.

இப்போதும் டிஎஸ்எல்ஆர் வாங்கலாமா என்ற கேள்வி நியாயமானது. கேனனும் நிக்கானும் 2020க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் கொண்டுவரவில்லை, முழுக்க மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா பக்கம் போய்விட்டார்கள். ஸ்டுடியோக்காரர்களும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். அதனாலேயே நல்ல பாடிகளும் லென்ஸ்களும் செகண்ட் ஹேண்டில் நிறைய வருகின்றன. காசு குறைவாக உள்ளவருக்கு இது நல்ல காலம். நாளைக்கு நீங்கள் கேனன் மிரர்லெஸ்ஸுக்குப் போனாலும் பழைய ஈஎஃப், ஈஎஃப்-எஸ் லென்ஸ்கள் அடாப்டர் மாட்டினால் ஆட்டோ ஃபோகஸோடு வேலை செய்யும். நிக்கானிலும் ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் எஃப்டிஇசட் அடாப்டரில் ஓடும். லென்ஸில் போட்ட காசு வீணாகாது.

லென்ஸை முடிவு செய்வது

கிட் லென்ஸ் என்று பாடியோடு வரும் 18-55ஐ எல்லோரும் திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன். பகல் வெளிச்சத்தில், கோயில் கோபுரம், கடற்கரை, குடும்பத்தோடு நிற்கிற குரூப் போட்டோ எல்லாம் அதில் நன்றாகவே வரும். அது திணறுவது மண்டபத்துக்குள். 55 எம்எம்மில் அதன் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் 1/15 செகண்ட் ஷட்டர் வேகம் கிடைக்கிற அதே இடத்தில் இதில் 1/125ஐத் தாண்டிவிடலாம். தாலி கட்டும் நேரத்தில் 1/15ல் எடுத்தால் கை ஆடிய படம்தான் கிடைக்கும். லென்ஸில் ஐஎஸ், விஆர் என்று எழுதியிருந்தாலும் அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், எதிரே நகர்கிற மனிதரை நிறுத்தாது.

அதனால் ஆட்களை எடுப்பதுதான் வேலை என்றால் ஒரு எஃப் 1.8 பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) கட்டாயம். எந்த எம்எம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். குறைந்த விலை டிஎஸ்எல்ஆர்களின் சென்சார், அதாவது படம் பதியும் சில்லு, விலை கூடிய ஃபுல் ஃப்ரேம் கேமராவில் இருப்பதைவிடச் சின்னது. கேனனில் 1.6, நிக்கானில் 1.5 மடங்கு. 50 எம்எம் லென்ஸ் இவற்றில் ஏறக்குறைய 80 எம்எம், 75 எம்எம் போல நெருக்கமாகக் காட்டும். வீட்டிலேயே ஒரு டேப் எடுத்து அளந்து பாருங்கள். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து ஒருவரைத் தலை முதல் கால் வரை கொஞ்சம் இடம் விட்டு எடுக்க, 50 எம்எம் லென்ஸுக்கு 16 அடி பின்னால் போக வேண்டும். 35 எம்எம் என்றால் 11 அடி. 24 எம்எம் என்றால் 8 அடி. 10க்கு 12 அறையில் பிள்ளை தவழ்வதை எடுக்க 50 எம்எம் வாங்கினால் முதுகு சுவரில் முட்டும். முகமும் தோளும் மட்டும் போதும் என்றால் அதே 50 எம்எம்முக்கு 5 அடி போதும், அந்தப் படத்தின் அழகே தனி.

ஆகவே வீட்டுக்குள் பிள்ளைகள், சின்ன அறையில் நடக்கும் வளைகாப்பு என்றால் நிக்கானில் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எம்எம் எஃப் 1.8ஜி. இந்த விலையில் இதற்கு நிகராக வேறொன்றை நான் பார்த்ததில்லை. கேனனில் நேரடியாக இதுபோல மலிவான 35 எம்எம் கிடையாது. 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம் இருக்கிறது, 125 கிராம்தான், தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சம் கொஞ்சம் குறைவு, ஆனால் அறைக்குள் மிக வசதி. போர்ட்ரெய்ட், மேடையில் நிற்கிற மாப்பிள்ளை பெண் என்றால் 50 எம்எம் எஃப் 1.8. கேனனில் 2015ல் வந்த எஸ்டிஎம் மாடலையே வாங்குங்கள். அதற்கு முன் இருந்த எஃப் 1.8 II மாடலின் மவுண்ட் பிளாஸ்டிக், ஃபோகஸ் சத்தம் போடும், விழுந்தால் இரண்டாகப் பிரிந்துவிடும். விலை வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும் எஸ்டிஎம் பக்கம் போவதுதான் சரி.

ஒரே லென்ஸில் விழா முழுக்க எடுக்க வேண்டிய தொழில்காரர் என்றால் டாம்ரான் 17-50 எஃப் 2.8, சிக்மா 17-50 எஃப் 2.8 இரண்டையும் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். ஜூம் முழுக்க 2.8 நிற்கும். நான் பல பையன்களைத் தொழிலுக்கு அனுப்பியது இந்த இரண்டில் ஒன்றை மாட்டித்தான்.

பறவை எடுப்பவர்கள் தனி ரகம். எங்கள் ஊர் உப்பளங்களில் பூநாரை வரும்போது கிட் லென்ஸோடு வந்து நிற்கிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். கேனனில் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம், நிக்கானில் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 விஆர், இவை ஆரம்பத்துக்குப் போதும். 250 எம்எம்மில் 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மைனா, படத்தின் அகலத்தில் கால் பங்குக்குச் சற்று மேல் வரும். அதற்கு மேல் வேண்டும் என்றால் பெரிய லென்ஸுக்குப் போகும் முன் இன்னும் 3 மீட்டர் நெருங்கப் பழகுங்கள். நிக்கான் 70-300ல் விஆர் இல்லாத மலிவு மாடலும் உண்டு. லென்ஸின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பாடி

நிக்கான் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். டி3000, டி5000 வரிசைகளில், அதாவது டி3300, டி3400, டி3500, டி5300, டி5600 இவற்றில், பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப் 50 எம்எம் எஃப் 1.8டி என்ற பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கும், இவற்றில் மாட்டவும் செய்யும், ஆனால் ஆட்டோ ஃபோகஸ் ஆகாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் 50 எம்எம் எஃப் 1.8ஜி வாங்க வேண்டும். டாம்ரான் 17-50ன் ஆரம்ப நிக்கான் மாடலுக்கும் இதே பிரச்சினை. டி90, டி7000, டி7100, டி7200 பாடிகளில் மோட்டார் இருக்கிறது. ஏஎஃப்-பி லென்ஸ்களில் வேறு சிக்கல்: அவை டி3200, டி5100, டி90, டி7000 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. டி3300, டி5300 இரண்டிலும் ஃபர்ம்வேர் என்ற உள் மென்பொருளைப் புதுப்பித்திருந்தால் ஓடும். கேனனில் இந்தத் தலைவலி இல்லை, ஈஎஃப், ஈஎஃப்-எஸ் லென்ஸ் எல்லாவற்றிலும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும்.

வீடியோவும் எடுப்பேன் என்றால் கேனன் 200டி. 2017ல் வந்தது. வீடியோவில் ஆட்டோ ஃபோகஸை வேகமாகப் பிடிக்கும் டூயல் பிக்சல், திருப்பக்கூடிய டச் ஸ்கிரீன், மைக் குத்த இடம், எல்லாம் சேர்ந்து 453 கிராம். 1300டி, 1500டி மலிவு, ஆனால் அவற்றில் டூயல் பிக்சலும் இல்லை, மைக் ஜாக்கும் இல்லை. 3000டியில் லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக், அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. போட்டோ மட்டும்தான் என்றால் நிக்கான் டி5300, டி5600 இரண்டும் கொடுத்த காசுக்கு அருமை. கொஞ்சம் கனம் தாங்குவேன், தொழிலுக்கு வேண்டும் என்றால் டி7200. பேட்டரியோடு 765 கிராம், கையில் பிடித்தாலே உறுதி தெரியும்.

வெளி ஃபிளாஷ் பயன்படுத்தப் போகிறவர்கள் கேனன் 1500டி, 3000டி, 200டி மார்க் II இவற்றின் மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தைப் பாருங்கள். நடு முள் இருக்காது. பொதுவான பழைய ஃபிளாஷும் ட்ரிக்கரும் அதில் அடிக்காது. பழைய 200டியில் நடு முள் உண்டு.

மெகாபிக்சலைப் பற்றி ஒரு வார்த்தை போதும். "மாமா, 24 மெகாபிக்சல் பத்துமா?" என்று அக்கா மகன் கேட்டான். 12க்கு 18 இன்ச் ஆல்பம் பக்கம் முழுக்க ஒரே படம் போட்டால் 24 மெகாபிக்சலில் இன்ச்சுக்கு 333 புள்ளிகள் விழும். பழைய 18 மெகாபிக்சலிலேயே 288 விழும். ஆல்பம் பார்க்கிற யாரும் வித்தியாசம் சொல்ல முடியாது.

காசைப் பிரிப்பது எப்படி என்றால், 30,000 ரூபாய் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாடிக்கு 18,000ஐத் தாண்ட வேண்டாம். லென்ஸுக்கு 8,000 முதல் 9,000 வரை. மிச்சம் கார்டு, கூடுதல் பேட்டரி, வைக்கிற பெட்டி. நினைத்த பாடி அந்தக் கணக்குக்குள் வரவில்லை என்றால் ஒரு மாடல் கீழே இறங்குங்கள், லென்ஸைக் குறைக்காதீர்கள். மாடல் வாரியாக விலை எழுதவில்லை, அது ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

செகண்ட் ஹேண்ட் பார்க்கும்போது

இங்கே அவசரப்படக் கூடாது. கையோடு ஒரு மெமரி கார்டு, ஃபோன் டார்ச், முடிந்தால் லேப்டாப் கொண்டு போங்கள். பகலில் போங்கள்.

முதலில் பில்லையும் பாடியின் அடியில் உள்ள சீரியல் நம்பரையும் ஒப்பிடுங்கள். பில் இல்லை என்றால் விற்கிறவரின் அடையாள அட்டை நகலும், விற்றதாக ஒரு கையெழுத்தும் வாங்குங்கள். திருட்டுக் கேமரா கையில் வந்தால் காசும் போகும், நிம்மதியும் போகும்.

அடுத்து ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எத்தனை கிளிக் ஓடியிருக்கிறது என்ற எண். குறைந்த விலை பாடிகளின் ஷட்டர் ஏறக்குறைய 1,00,000 கிளிக் தாங்கும் என்று கணக்கு, டி7200க்கு 1,50,000. நிக்கானில் கேமராவிலிருந்து நேரடியாக எடுத்த ஜேபெக் ஃபைலுக்குள்ளேயே இந்த எண் இருக்கும். விற்கிறவர் வெளியூர் என்றால் படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், போட்டோவாக அனுப்பினால் அந்த விவரம் அழிந்துவிடும். கேனனின் சின்ன பாடிகளில் படத்துக்குள் அது இருக்காது, கேபிள் மாட்டி மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். படத்தின் ஃபைல் நம்பரைக் காட்டி "இவ்வளவுதான் ஓடியிருக்கு" என்று சொன்னால் நம்பாதீர்கள். அது 9999 ஆனதும் மறுபடி 0001ல் ஆரம்பிக்கும்.

குறைந்த கவுண்ட் மட்டும் நல்ல கேமராவுக்கு அடையாளம் இல்லை. வெளிநாட்டிலிருந்து யாரோ வாங்கிவந்து, நாலு படம் எடுத்து, தோல் பையோடு பீரோவில் வருஷக் கணக்கில் கிடந்த கேமராவில் ஃபங்கஸ் (பூஞ்சை) இருக்கிறதா என்று நிச்சயம் பார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் இன்னும் அதிகம். தினமும் ஓடுகிற ஸ்டுடியோ கேமராவில் ரப்பர் தேய்ந்திருக்கும், கண்ணாடி சுத்தமாக இருக்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

ஃபங்கஸ் பார்க்க லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் டார்ச் அடித்து, முன்பக்கத்தில் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். கேனன் லென்ஸ் கழற்றியபோது அப்பர்ச்சர் திறந்திருக்கும். நிக்கான் ஜி லென்ஸில் மூடியிருக்கும், பின்னால் உள்ள சின்ன நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடித்தால்தான் உள்ளே தெரியும். இரண்டு மூன்று தூசித் துகள்கள் பரவாயில்லை. முன் கண்ணாடியில் மெல்லிய கீறல்கூடப் படத்தில் பெரும்பாலும் தெரியாது. பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேனன் 18-55 லென்ஸில் ஒரு நோய் அடிக்கடி வரும். உள்ளே அப்பர்ச்சருக்குப் போகும் ஃபிளெக்ஸ் கேபிள் அறுந்துபோகும். அப்பர்ச்சர் முழுக்கத் திறந்து எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும், அதனால் கடையில் இரண்டு படம் எடுத்துப் பார்த்தால் தெரியாது. ஏவி மோடில் எஃப் 11 வைத்து, 18, 35, 55 மூன்றிலும் எடுங்கள். எரர் 01 வந்தால் அந்த லென்ஸ் செத்தது.

பிறகு சென்சார். எஃப் 16ல் வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தூசி, துடைத்தால் போகும். கோடாக இருந்தால் கீறல், வாங்க வேண்டாம். லென்ஸ் மூடியைப் போட்டு, மேனுவல் ஃபோகஸில், சில செகண்ட் திறந்து எடுத்தால் எரிகிற பிக்சல்கள் தெரியும். ஷட்டரைச் சோதிக்க 1/4000 வரை எடுத்து, படத்தின் ஒரு பக்கம் இருட்டாக இருக்கிறதா பாருங்கள். இதைக் கடைக்கு வெளியே வெயிலில் செய்யுங்கள். எல்இடி விளக்கின் கீழ் 1/500ல் எடுத்தால் நல்ல கேமராவிலும் பட்டை விழலாம். 1/100க்கு இறக்கினால் அந்தப் பட்டை போய்விடும் என்றால் விளக்குதான் காரணம்.

கடைசியாக ஃபோகஸ். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து ஒரு செய்தித்தாளைச் சாய்வாக வைத்து, கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் வழியாக ஒரு வரியில் ஃபோகஸ் செய்து எடுங்கள். அதையே லைவ் வ்யூவில், அதாவது பின் ஸ்கிரீனைப் பார்த்து எடுங்கள். லைவ் வ்யூ சென்சாரிலிருந்தே ஃபோகஸ் பார்ப்பதால் அது சரியாக இருக்கும். வ்யூஃபைண்டர் படத்தில் வேறு வரி தெளிவாக இருந்தால் அந்த ஜோடி ஒத்துப்போகவில்லை. டி7200ல் இதை மெனுவிலேயே திருத்தலாம், 200டி, டி5600ல் முடியாது. வ்யூஃபைண்டரில் எல்லாமே மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பக்கத்தில் கண்ணுக்கு ஏற்பத் திருகும் சின்னச் சக்கரம் இருக்கிறது. அதைத் திருப்பி எழுத்துகள் தெளிவாகும்படி வைத்துவிட்டுப் பாருங்கள்.

பேட்டரி ஒரிஜினலா என்று கேளுங்கள், மைக் ஜாக், யுஎஸ்பி, பாப்-அப் ஃபிளாஷ் எல்லாம் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். கடைக்காரர் இவ்வளவு சோதிக்க விடமாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள். புதிதாக வாங்கினாலும், "இம்போர்ட் பீஸ்" என்று குறைந்த விலைக்குச் சொன்னால் இந்திய வாரண்டி கார்டு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள்.

வாங்கிய பிறகு

ட்ரைபாட், ஃபில்டர் செட், ரிமோட் என்று கடையில் கட்டிக் கொடுக்கும் காம்போ எதுவும் முதல் வருஷம் வேண்டாம். ஒரு நல்ல கம்பெனி மெமரி கார்டு, ஒரு கூடுதல் பேட்டரி, தூசி ஊதும் ரப்பர் ப்ளோயர். அவ்வளவு போதும்.

கேமராவைப் பையில் வைத்து மூடாதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கி, சிலிக்கா ஜெல் போட்டு, உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் வையுங்கள். 40 முதல் 50 சதவீதத்துக்குள் முள் நின்றால் நல்லது. நீல நிற சிலிக்கா ஜெல் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும், அதில் கோபால்ட் குளோரைடு சேர்த்திருப்பார்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஆரஞ்சு நிறத்ததை வாங்குங்கள், அது பச்சையாக மாறும். நிறம் மாறியதும் சமையலுக்குப் பயன்படுத்தாத தனிச் சட்டியில் சிறு தீயில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும், ஆறியதும் மறுபடி டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் வாரம் ஒரு முறையாவது நிறத்தைப் பாருங்கள்.